செங்கல்லுக்கு ஒரு மரியாதை

கேள்வி: லண்டனில் ஒரே ஒரு சர்ச் பார்க்கத்தான் நேரம் என்றால், எதைப் பார்க்கலாம்?

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் ஸ்டேஷனில் இறங்கி மார்கரெட் தெருவுக்கு நடையைக் கட்டுங்கள். அங்கே இருக்கிறது 'ஆல் செயின்ட்ஸ்'. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டு. 1850-ல் அடிக்கல், 1859-ல் பிரதிஷ்டை.

கேள்வி: கோயில் என்றால் கல்லில் அல்லவா கட்டுவார்கள்? காசு போதவில்லையா?

பதில்: இங்கே வாங்கிய செங்கல், கல்லைவிட விலை அதிகம்! வீட்டுக்கும் கிடங்குக்கும் போதும் என்று ஒதுக்கிய செங்கல்லுக்குக் கோயிலில் இடம் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் பட்டர்ஃபீல்டு.

கேள்வி: வெளிச்சுவரில் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றனவே, பெயின்டா?

பதில்: ஒரு சொட்டுக்கூட இல்லை. கிட்டே போய்ப் பாருங்கள். சிவப்பு வரிகளுக்கு நடுவே ஒவ்வொரு கறுப்பும் தனிச் செங்கல். சாந்தில் பதிந்து, சுவரின் பாரத்தையும் சேர்ந்து சுமக்கிறது. எந்த வரியில் எந்த நிறம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கொத்தனார் கரண்டியை எடுக்க முடியும். எழுப்பிய பிறகு மனசு மாற வழியில்லை. ஆனால் உரியாது, மறுபூச்சும் வேண்டாம். இந்தச் சுவரில் நான் சொக்கிப்போவது இதற்காகத்தான்.

கேள்வி: கலை விமர்சகர் ரஸ்கினின் 'வெனிஸின் கற்கள்' நூல் தந்த யோசனைதானே இது?

பதில்: அந்தப் புத்தகம் வெளிவரத் தொடங்கியது 1851-ல். அடிக்கல் அதற்கு முந்தைய வருஷமே விழுந்துவிட்டது. ரஸ்கின் அதே நூலின் மூன்றாம் பாகத்தில் இந்தக் கட்டடத்தின் துணிச்சலை மனமாரப் பாராட்டினார்.

கேள்வி: நெருக்கமான தெருவாயிற்றே, இடம் எப்படிப் போதியது?

பதில்: மனை சுமார் நூறடிக்கு நூறடி. கோயில், குருமார் வீடு, பாடகர் பள்ளி, தெருப்பக்கம் சின்ன முற்றம், எல்லாம் அதற்குள்ளேயே. பக்கத்தில் விரிய முடியாத பட்டர்ஃபீல்டு மேலே போனார்: கூர்கோபுரம் 227 அடி! கிழக்கே வேறு கட்டடங்கள் ஒட்டி நின்றதால் பீடத்துக்குப் பின்னால் வழக்கமான பெரிய ஜன்னல் கிடையாது. அந்தச் சுவரை வில்லியம் டைஸின் ஓவியங்கள் நிரப்பின. ஜன்னல் போனதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: உள்ளே நுழைந்தால் கண் கூசும் என்கிறார்களே?

பதில்: உண்மை. ஓடுகளும் சலவைக்கல்லும் அங்குலம் விடாமல் பேசுகின்றன. எனக்கே சற்றுத் திகட்டும். வெளிச்சுவர் திகட்டாது.

கேள்வி: கோபுரம் இல்லாத செங்கல் சர்ச் எடுபடுமா?

பதில்: பிரைட்டனுக்கு ரயில் ஏறுங்கள். 1874-ல் திறந்த செயின்ட் பார்த்தலோமியூஸ். கட்டடக் கலைஞர் எட்மண்ட் ஸ்காட். கோபுரம் இல்லை. செங்கல் சுவர்கள் நேரே எழுந்து, கூரை முகடு சுமார் 135 அடியைத் தொடுகிறது.