நோன்பு சேர்த்த முட்டை

தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டையும் சேராது. ஆனால் கோழிகள் இட்டுக்கொண்டேதான் இருக்கும். பாட்டி சிலவற்றை அடைக்கு வைப்பாள். மற்றதைத் துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி உமிப் பானையில் புதைத்துவிடுவாள். புனித வாரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்ப்பாள். தளும்பினால் தள்ளிவிடுவாள். மிஞ்சியதெல்லாம் பாஸ்கா பூசை முடிந்து வந்ததும் குழம்பாகும், ஆப்பத்தோடு. அந்த ருசியில் நாற்பது நாள் பசியும் சேர்ந்திருந்தது.

ஈஸ்டர் முட்டையின் கதையும் ஏறக்குறைய இதுதான் என்று பிறகு படித்தபோது நெஞ்சு நிறைந்தது. இடைக்கால ஐரோப்பாவிலும் நோன்பில் இறைச்சி, பால், முட்டை எல்லாமே விலக்கு. கோழிகள் மும்முரமாக இடும் வசந்தமும் அப்போதுதான் வரும். சேர்ந்துபோன முட்டைகளை அவித்துச் சாயமேற்றி, உயிர்ப்பு ஞாயிறன்று பகிர்ந்துகொண்டார்கள். 1290இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் எழுதப்பட்டிருக்கிறது. சாயமும் தங்கரேக்குமாக அரண்மனையாருக்குக் கொடுப்பதற்கு. கிரேக்கர்கள் பெரிய வியாழனன்று கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயமிடுகிறார்கள். பிறகு முட்டையோடு முட்டையை மோதி உடைப்பார்கள். கல்லறை திறந்ததற்கு அது அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது ரஷ்யர்கள் உயிர்ப்புக்குச் செய்யும் பாஸ்கா என்ற பண்டம். பால் திரித்து வடித்த கட்டி, வெண்ணெய், முட்டை, சர்க்கரை என்று பிசைந்து, கூம்பிய மர அச்சில் அழுத்திக் குளிரவிடுவார்கள். நோன்பில் விட்ட பாலும் வெண்ணெயும் முட்டையும் அந்த ஒரே பண்டத்தில் திரும்பி வந்துவிடுகின்றன.

1873இல் பிரிஸ்டல் நகரின் ஃப்ரை நிறுவனம் உள்ளீடற்ற சாக்லேட் முட்டையைக் கொண்டுவந்தது. அதற்குக் கோழியும் வேண்டாம், நோன்பும் வேண்டாம். இப்போது எங்கள் ஊர்க் கடைகளிலேயே தவக்காலம் பாதியில் இருக்கும்போது மின்னுகிற காகிதம் சுற்றி அடுக்கிவிடுகிறார்கள். சாக்லேட் மேல் எனக்குக் கோபமில்லை. காத்திருக்க விடாமல் கைக்கு வந்துவிடுகிறதே என்பதுதான் வருத்தம்.

இந்த ஈஸ்டருக்கு நிஜ முட்டைதான் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வெங்காயத் தோலோடு அவித்தால் நல்ல செம்பழுப்பு ஏறும்; கிரேக்க வீடுகளிலும் அந்த வழக்கம் உண்டு. பேத்திக்குச் சாக்லேட் முட்டையும் வேண்டுமாம். வாங்கித் தருகிறேன், ஞாயிறு பூசை முடியட்டும்.