கிழட்டு மரங்களின் சங்கதி

கே: எங்கள் தோட்டத்தில் 25 வயது செம்பனையைக் 'கிழம்' என்று சாய்த்துவிடுகிறார்களே, அதன் உண்மையான ஆயுள் எவ்வளவு? (ஒரு வாசகர், கேரித் தீவு)

ப: நூறு வயதைத் தாண்டும். 1848-இல் இந்தோனேசியாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு செம்பனைகளின் வாரிசுகள்தாம் நம்மூர்த் தோட்டங்களுக்கு வந்தன. அந்த மூதாதைகளே சதம் அடித்தவை. உங்கள் மரத்துக்கு வந்தது மூப்பல்ல, உயரம். கழியில் கட்டிய அரிவாள் குலைக்கு எட்டாது. எட்டினாலும் கூலிக்குக் கட்டுப்படியாகாது. உடனே எக்ஸ்கவேட்டர் வந்துவிடும். சாய்த்த மரத்தை அப்படியே விடவும் மாட்டார்கள். வாழைத்தண்டு நறுக்குவதுபோல் சீவிப் பரப்புவார்கள். முழுசாக மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் குடித்தனம் நடத்தி, புதுக் கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். வேலையைவிட்டு அனுப்பிய பிறகும் முதலாளியைப் பயமுறுத்தும் தொழிலாளி இந்த மரம் ஒன்றுதான்!

கே: வளையத்தை எண்ணிச் செம்பனையின் வயதைச் சொல்லலாமா? (கிள்ளான்)

ப: பனை, தென்னை, செம்பனை மூன்றுக்கும் ஆண்டு வளையமே கிடையாது. ஆனால் தோட்டத்தில் நடவு ஆண்டு எழுதிய பலகை நிற்குமே! சினிமா கதாநாயகர்களுக்கும் இப்படி ஒன்று வைத்தால் எவ்வளவு சௌகரியம்.

கே: பெரிய மரங்கள் வயதாகித்தான் சாகின்றனவா?

ப: எண்பது, தொண்ணூறு என்று மரத்துக்குக் கெடு கிடையாது. கலிபோர்னியா மலையில் ஒரு பைன் மரம் 4,800 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. பெரும்பாலும் மரத்துக்கு எமன் அதன் உடம்பேதான். உயர உயர உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது பெரும்பாடு. கடும் வறட்சியில் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்தால் மேலிருந்து காயும். போதாததற்கு இடி, புயல், பூஞ்சை. ஆனால் பொந்து விழுந்தாலே போச்சு என்று முடிவுகட்டாதீர்கள். நடுக்கட்டை எப்போதோ செத்ததுதான். உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய அடுக்கில். இதில் ஆலமரம் பலே கெட்டிக்காரன். கொல்கத்தா ஆலின் தாய்த்தண்டைப் பூஞ்சை அரித்ததால் 1925-இல் எடுத்தே விட்டார்கள். சென்னை அடையாற்று ஆலின் தாய்த்தண்டு 1989-இல் காற்றில் விழுந்தது. இரண்டும் விழுதுகளை ஊன்றிக்கொண்டு இன்னும் நிற்கின்றன.

கே: 2024 மே மாதம் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஒருவர் இறந்தாரே. நகரத்தில் பெரிய மரங்களையெல்லாம் வெட்டிவிட்டால் என்ன? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: சாலையில் தினமும் கார் மோதி ஆட்கள் சாகிறார்கள்; கார்களை வெட்டவா? ஆபத்தான மரத்தை நிபுணர் பார்த்து எடுக்கட்டும். மற்றவற்றின் வேரை நறுக்கி நடைபாதை போடாமல் இருந்தால் போதும்.

கே: மரத்தடியில் சூலம் நட்டு மஞ்சள் துணி கட்டினால் மரத்துக்கு ஆயுள் கூடுமா?

ப: நிச்சயமாக. கோடரி தயங்கும். அனுராதபுரத்து அரசமரம் கி.மு. 288 முதல் பக்தியின் காவலில்தான் வாழ்கிறது. ஆனால் பக்தி முற்றி வேரைச் சுற்றிச் சிமெண்டு மேடையும் டைல்ஸும் போட்டீர்களானால், அம்மனே இறங்கி வந்தாலும் வேரால் மூச்சு விடமுடியாது.

கே: மா மெரி பூர்வகுடிச் சிற்பிகளுக்கு மரம் கிடைப்பது அரிதாகிவிட்டதாமே? (கேரித் தீவு)

ப: அவர்கள் முகமூடி செதுக்கும் 'ஞிரே பத்து' சதுப்புநிலக் காட்டில் வளரும் மரம். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, அந்தச் சதுப்பைத்தானே தோட்டமாக்கினோம்?

கே: கித்தா மரத்துக்காவது நீண்ட ஆயுள் உண்டா?

ப: 1877-இல் நட்ட ஒன்று கோலகங்சாரில், மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில், வேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. தோட்டத்தில் நட்டிருந்தால் முப்பது வயதிலேயே அதன் கதை முடிந்திருக்கும்.