பாறை விதி

மலைக்குப் போகிறவர்களுக்குப் பத்திரம் சொல்லி அனுப்புவதில் போடிநாயக்கனூர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஊருக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம், தேயிலை, சம்பளம், யானை, காய்ச்சல், மலையாளம். எல்லாம் சுமார் 26 கிலோமீட்டர் தூரத்தில். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். புலியூத்து அருவிப் பக்கம் வண்டி மூச்சு வாங்கும். உச்சியில், ஏறத்தாழ 4,500 அடியில், போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடும்.

நான் முதலில் மேலே போனது 1970களின் நடுவில். கல்லூரி விடுமுறை. பூப்பாறைக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரி அப்பத்தா என்னை உட்காரவைத்துச் சொன்ன விதிகள் இன்னும் மனப்பாடம். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. சட்டைப்பையில் பஸ் காசு மட்டும், மீதி டவுசருக்குள் அவள் தைத்துக் கொடுத்த பையில். பொழுது சாய்ந்த பிறகு வண்டி ஏறாதே. தனியாக வந்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதே, சித்தப்பா பேரைச் சொல்லு. காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே. அட்டை கடித்தால் பிடுங்காதே, புகையிலையைத் தடவு. கடைசி விதி: வழியில் பெரிசாகக் கறுப்பாக ஏதாவது நின்றால், அது பாறைதான் என்று நீயாக முடிவு பண்ணிக்கொள்ளாதே.

என் முதுகில் பை எதுவும் இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை, கக்கத்தில் சுருட்டிய ஜமுக்காளம். சோதனைச் சாவடியில் பேர், ஊர், எதற்குப் போகிறாய் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. அப்போது அரிசியை இஷ்டத்துக்கு எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. பையைத் தடவிப் பார்த்தவர் அரிசி இல்லை என்று தெரிந்ததும், நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்.

என் தாத்தா காலத்தில் இதே பயணம் கிட்டத்தட்ட வெளிநாட்டுப் பயணம். கீழே சென்னை மாகாணம், மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். கீழே வெள்ளைக்காரன் ரூபாய் செல்லும், மேலே சக்கரம். ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். ஏலத்தோட்டத்துக் கூலிக்காரன்கூட இடுப்பில் இரண்டு தேசத்துக் காசு முடிந்துகொண்டு, மாற்று விகிதம் தெரிந்துகொண்டு நடந்திருக்கிறான். வண்டிப் பாதை சரியில்லாத நாளில் மூணாறு மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் தொங்கிக்கொண்டே குரங்கணிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்து சேரும். ஆட்கள் நடந்தார்கள். சரக்குக்கு இருந்த பாதுகாப்பு ஏற்பாடு அதை ஏற்றிவிட்ட ஆளுக்கு இல்லை என்பதைத் தாத்தா ஒரு குறையாகச் சொன்னதேயில்லை. அவருக்கு அது உலக வழக்கம்.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் ஒருநாள் குடும்பத்தைக் கூட்டிவைத்து அறிவித்தாள்: வேலையை விடப்போகிறாள், மெக்சிகோவில் இறங்கி, முதுகுப்பையோடு, தரைவழியாகவே குவாத்தமாலா, எல் சால்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்தா ரிகா கடந்து பனாமா வரை போகப்போகிறாள். அதற்கு அப்பால் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்காமலே விளக்கினாள். அலாஸ்காவிலிருந்து தென்கோடி வரை போகிற பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் தாரியேன் காட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல் அறுந்து கிடக்கிறதாம். அங்கே தரைவழி போகிறவர்கள் பிழைப்பு தேடி உயிரைப் பணயம் வைக்கிறவர்கள். தான் அந்த ரகம் இல்லை என்றாள்.

எங்கள் மச்சான், அதாவது அவளுடைய அப்பா, பேசாமல் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கொள்ளைக்காரன், துப்பாக்கி, காய்ச்சல், தெரியாத பாஷை, தெரியாத பஸ். "மலைப்பாதை வேறயாம்ல!" என்றார். சொன்னது போடியில் உட்கார்ந்துகொண்டு.

அவள் பதில் பேசாமல் தன் போனில் இருந்த பட்டியலை என்னிடம் நீட்டினாள். மாமா மட்டும்தான் படிப்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வை. திருடனுக்குக் கொடுக்க ஒரு போலிப் பர்ஸ் தனியாக. ராத்திரி பஸ் வேண்டாம். தனியாக வந்திருப்பதாகச் சொல்லாதே; அடுத்த ஊரில் ஆள் காத்திருப்பதாகச் சொல். குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஏ.டி.எம். என்றால் வங்கிக்கு உள்ளே இருப்பதில் மட்டும், பகலில் மட்டும். பாஸ்போர்ட் நகல் வேறு பையில். படிக்கப் படிக்க எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்டது. பாறை விதி ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அப்பத்தா எந்த ஸ்பானிஷ்காரனிடம் இதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஊசி விஷயத்திலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து எங்களுக்குக் கொயினா மாத்திரை. கசப்பு நாள் பூராவும் நாக்கில் நிற்கும். இவள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கிவந்தாள். பனாமா போன்ற நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் அந்த அட்டை இல்லாவிட்டால் நம் அரசே விமான நிலையத்தில் பிடித்துத் தனியே உட்காரவைத்துவிடும். விசாதான் சுலபம். அலுவலக வேலையாகப் போனபோது எடுத்த அமெரிக்க விசா இருந்ததால் மெக்சிகோ தனி விசா கேட்கவில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது அதற்கடுத்த கட்டம். குவாத்தமாலா, எல் சால்வதோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, வெளிநாட்டுக்காரருக்கு நாலுக்கும் சேர்த்து 90 நாள் என்று ஒரே கணக்காக வைத்தன. இதில் எல் சால்வதோரும் ஹோண்டுராஸும் 1969இல் நாலு நாள் யுத்தமே நடத்தியவை. காரணம் நிலமும் குடியேற்றமும்தான் என்றாலும், அப்போது நடந்த பந்தயங்களால் அதற்குக் கால்பந்துச் சண்டை என்று பேர் நிலைத்துவிட்டது. அந்த இரண்டும் பிற்பாடு ஒரே 90 நாளைப் பங்கு போட்டுக்கொண்டன.

இங்கே மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் நாங்கள் ஒரே நாட்டுக்காரர்கள். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரம் கொதித்தபோது எல்லையில் பஸ் நின்றது. உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள், கைப்பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதையில் தேவாரம் பக்கம் இறங்கி வந்தார்கள். முதுகில் அவர்களுக்கும் பை இருந்தது. அதை யாரும் முதுகுப்பைப் பயணம் என்று எழுதவில்லை. 2020இல் கொரோனா, போடிமெட்டில் தடுப்பு, இ-பாஸ். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் ஆர்.டி.பி.சி.ஆர். சான்று கேட்டார்கள். மூக்கில் குச்சி விட்ட காகிதத்தை நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்த பெண்களைப் பார்த்தபோது தாத்தாவின் சக்கரம் நினைவுக்கு வந்தது. எல்லையைத் தாண்டக் கையில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. என்ன என்பதுதான் அவ்வப்போது மாறுகிறது.

எதுவும் வேண்டாமல் தாண்டியவன் அரிக்கொம்பன் ஒருவன்தான். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய யானை. 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு சரணாலயத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் மே மாதமே எல்லையைத் தாண்டிக் கம்பம் நகரத்துத் தெருவில் நடந்தான். ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. இரண்டு மாநில அரசுகள் பயணச் செலவைப் பார்த்துக்கொள்ள, இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி சொல்லும் கருவியோடு, நான் அறிந்து இந்த மலையில் இத்தனை பாதுகாப்போடு சுற்றியவன் வேறு யாருமில்லை. அப்பத்தா இருந்திருந்தால் பாறை விதியைத் திருத்தியிருப்பாள்.

கேலி செய்ய முடியாத ஒன்றும் உண்டு. 2018 மார்ச் 11. கொழுக்குமலைக்கு மலையேறப் போய்க் குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள்; பெண்கள் பலர். காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும் என்று கீழே மாடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும்; அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவு போடி அரசு மருத்துவமனை வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளைக் குறித்து, இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. மகள் பயணத்தை அறிவித்த நாளில் அக்கா அவளிடம் பேசியதெல்லாம் அந்த ராத்திரியை மனதில் வைத்துத்தான். குவாத்தமாலா என்று சொன்னாலும் அவள் நினைப்பில் இருந்தது குரங்கணி.

மச்சானின் பயம் வேறு ரகம். அவர் கலங்கியது பஸ்ஸைப் பார்த்து. குவாத்தமாலாவில் உள்ளூர்ப் பஸ் என்பது அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்த வண்டி. அதை வாங்கிவந்து, மூலைமுடுக்கெல்லாம் வண்ணம் பூசி, சாமி பேர் எழுதி, இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேரை உட்காரவைத்து, கூரையில் மூட்டை கட்டி ஓட்டுவார்கள். கோழியும் ஏறும் என்பதால் வெளிநாட்டுப் பயணிகள் கோழி பஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அவள் காட்டிய வீடியோவில் அப்படி ஒன்று மலை வளைவில் சாய்ந்துகொண்டு போனது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா மட்டும் திரையை விட்டுக் கண் எடுக்காமல், "நம்ம ஜீப்பு மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லாமல் போடிமெட்டைப் பற்றிப் பேச முடியாது. விடியற்காலை, கோழி கூவும் முன்பே, போடி, தேவாரம், கோம்பை, கம்பம் தெருக்களில் ஹாரன் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் வந்து ஏறுவார்கள். எட்டுப் பேருக்கான வண்டியில் அதைப்போல் இரண்டு மடங்கு; முன்னால் டிரைவரின் கியருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், பின்னால் கம்பியில் தொற்றிக்கொண்டு ரெண்டு ஆள். மேலே காய் எடுத்து, களை எடுத்து, அதே வண்டியில் பொழுதோடு இறங்கி வருவார்கள். மாநில எல்லையைத் தினமும் இரண்டு முறை தாண்டுகிறவர்கள். வண்டி கவிழ்ந்தால் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு பத்தி, கொஞ்ச நாள் சோதனை, அபராதம், பிறகு பழையபடி. பணத்தைப் பிரித்து வைக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் பட்டியல் தரவில்லை. பிரிக்கிற அளவுக்குப் பணமும் இல்லை.

எங்கள் மச்சானின் தோட்டத்துக்கும் அப்படி ஒரு ஜீப் போகிறது. வாடகையைத் தலைக்கணக்கில் கொடுப்பதால், எத்தனை தலை என்பது டிரைவர் பாடு என்று விட்டுவிடுவார். அன்று அவர் கண்ணை மூடிக்கொண்டபோது இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் மகளே, "அப்பா, நம்ம வண்டியில எத்தன பேருப்பா ஏறுறாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவர் தோட்ட நிர்வாகத்தில் பெண்பிள்ளைகள் தலையிடக்கூடாது என்றார். பேச்சு அதோடு முறிந்தது. பயணத்துக்கு அனுமதி கிடைத்ததும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

இப்போது போடிமெட்டுக்குப் போனால் முதுகுப்பைகளுக்குக் குறைவில்லை. மூணாறுக்குப் போகிற 42 கிலோமீட்டர்ச் சாலையை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் குலுங்கிக்கொண்டு வந்து, 2010 கடைசியில் நின்றேபோன போடி ரயில், அகலப் பாதையாக 2023 ஜூனில் திரும்பி வந்தது. சென்னையில் ஏறினால் நேரே போடியில் இறங்கலாம். பனிமூட்டத்தில் நின்று படம் எடுக்கிற பிள்ளைகள், பின்னால் ஜீப் ஹாரன் அடித்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஜீப்பில் இருக்கிற பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள், குளிருக்கு.

அக்கா மகள் போய்ச் சேர்ந்தாள். பகல் பஸ்தான் ஏறினாள், போலிப் பர்ஸுக்கு வேலை வரவில்லை. தினமும் ராத்திரி, அவளுக்குக் காலை, குடும்பம் மொத்தமும் போனைச் சுற்றி உட்கார்ந்து நலம் விசாரிக்கும். ஒருநாள் கோபான் என்ற மலை ஊரிலிருந்து கூப்பிட்டாள். ஆல்தா வெராபாஸ் மாகாணம். 1914ஐ ஒட்டி ஆஸ்கர் மாயுஸ் குளோஃபர் என்ற ஜெர்மானியர் ஏலச்செடியைக் கொண்டுவந்து வைத்த ஊர். அங்கே அதை யாரும் சமையலில் போடுவதில்லை. விளைவதெல்லாம் பெரும்பாலும் அரபு நாடுகளுக்குக் கப்பலேறிவிடும். உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்கிற நாடு என்ற பெயரை எங்களிடமிருந்து அவர்கள் பறித்துக்கொண்டு ரொம்ப நாளாயிற்று. போடிக் கமிஷன் கடைகளில் குவாத்தமாலாவில் நல்ல மழையாம் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் வெற்றிலையைத் துப்பிவிடுவார்கள். 2019இல் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட நாளிலும், அந்த ஊர்க் காய் நேபாளம் வழியாக உள்ளே வருகிறது என்றுதான் எங்கள் ஆட்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

இது எதுவும் தெரியாமல் அவள், சந்தை நல்லாயிருக்கு, ஆளுங்க நல்லவங்க, துப்பாக்கியெல்லாம் ஒண்ணும் காணோம் என்று அப்பாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கடை வாசலில் சாக்கு மேல் பச்சையாக ஏதோ குவித்திருந்தது.

மச்சான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அது கெடக்கட்டும்த்தா. பின்னாடி குமிச்சுக் கெடக்குல்ல, அதுல ஒரு கை அள்ளு. உள்ளங்கையில வச்சு, பக்கத்துல ஒரு காசப் போட்டுக் கிட்டக்கக் காட்டு. எத்தன எம்.எம்.முன்னு பாத்துருவோம்."