இருநூறு மணி நேரக் கேப்டன்

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி நேரப் பறத்தல். கணக்குப் போட்டால் எட்டு நாளும் எட்டு மணி நேரமும். ஏவியேஷன் பட்டப்படிப்போ மூன்று வருடம். மிச்சமிருக்கும் ஆயிரத்துச் சொச்சம் நாள்களில் நம் விமானி மாணவன் என்னதான் செய்கிறான்?

காத்திருக்கிறான். விமானம் ஐம்பது மணி நேர இன்ஸ்பெக்‌ஷனுக்காக ஹேங்கருக்குள் போயிருக்கும். விமானம் வெளியே வந்தால் வாத்தியார் லீவு. இரண்டும் வாய்த்த நாளில் வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வெறும் கண்ணை நம்பிப் பறக்கும் பயிற்சிக்கு ஐந்து கிலோமீட்டராவது பார்வை தெரிய வேண்டும். மேகத்தை விட்டு பக்கவாட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர், மேலும் கீழும் ஆயிரம் அடி தள்ளியிருக்க வேண்டும். நம்மாள் படிக்கும் புனேயிலோ ஜூன் பிறந்தால் மேகம் இறங்கி வந்து சிங்ககட் கோட்டையில் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்க செப்டம்பர் ஆகும். ஊர்க்காரர்கள் கோட்டைக்குப் போய் வெங்காய பஜ்ஜி தின்று மழையைக் கொண்டாடுவார்கள். கூடவே போகும் நம்மாள் மட்டும் செல்போனில் மேகத்தின் உயரத்தைப் படித்துவிட்டு, தனக்கு பஜ்ஜி வேண்டாம் என்பான்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஸ்கூட்டர் சாவியில் 'ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்' என்று எழுதிய சிவப்பு நாடா தொங்கும். காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்க்குப் போட்ட உறையைப் புறப்படும் முன் கழற்று என்று நினைவூட்டத்தான் அந்த நாடா. ஹெல்மெட்டை மாட்டு என்று அது யாருக்கும் நினைவூட்டியதில்லை. முன்னால் போகும் எம்.எச். 12 வண்டியை அவன் 'மைக் ஹோட்டல் ஒன் டூ' என்றுதான் படிப்பான். ஒன்பது அவன் வாயில் 'நைனர்'. மணி கேட்டுவிட்டால் இன்னும் வம்பு. விமான உலகம் முழுக்க கிரீன்விச் நேரம்தான், அதற்கு 'ஜூலு' என்று பெயர். நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் 'ஜீரோ த்ரீ த்ரீ ஜீரோ ஜூலு' என்பான். ரூம்மேட் கராடியில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவன். ஆக, அந்த வீட்டில் இந்திய நேரத்தைக் காப்பாற்றி வருவது வீட்டுக்காரக் காகுவின் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான்.

இந்த வகை மனிதர்கள் குடியிருக்க ஆசைப்படும் இடம் விமான் நகர். பெயரிலேயே விமானம், கூப்பிடு தூரத்தில் லோஹேகாவ் ஓடுதளம். ஆனால் லோஹேகாவ் விமானப்படைத் தளம். 2002இல் சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்கள் முதன்முதலாகப் படையில் சேர்ந்தது அங்கேதான். பயணிகள் விமானங்களே அங்கே ஒண்டுக்குடித்தனம். இதில் சின்ன செஸ்னா விமானத்தை வைத்துக்கொண்டு பழகும் பிள்ளைகளுக்கு ஏது இடம்? அதற்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, கரும்புக் காட்டு நடுவில் இருக்கும் பாராமதிக்குப் போக வேண்டும். மும்பையிலும் இதே கதைதான்: 1928இல் தொடங்கிய பாம்பே ஃபிளையிங் கிளப், மும்பைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. ஏவியேஷனை நடத்துகிறது. கிளப் ஜுஹுவில், பறப்பது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் துலேவில்.

பல்கலைக்கழகம் பட்டம்தான் தரும், லைசென்ஸ் டி.ஜி.சி.ஏ. கையில். அதனால் பரீட்சையும் இரட்டை. டி.ஜி.சி.ஏ.யின் நேவிகேஷன், ரெகுலேஷன், மீட்டியராலஜி, டெக்னிக்கல் தாள்கள் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். 68 என்றால் மறுபடி முதலிலிருந்து. மீட்டியராலஜியில் 68 வாங்கிய வாரம் நம்மாள் சிவாஜி நகர் பக்கமே வண்டியைத் திருப்பமாட்டான். அங்கே வானிலைத் துறை இருக்கிறது. 1928இல் தலைமையகம் சிம்லாவிலிருந்து புனேக்கு வந்தபோது ஒட்டிக்கொண்ட 'சிம்லா ஆபீஸ்' என்ற பெயர் இன்னும் போகவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே அவனுக்குக் குளிரும்.

பட்டப்படிப்பில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம். காலையில் செஸ்னாவுக்கு நிரப்பியது ஈயம் கலந்த ஏவியேஷன் பெட்ரோல். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் நம் நாட்டில் 2000இலேயே நின்றுவிட்டது. பிஸ்டன் விமானங்களுக்கு நிற்கவில்லை. அந்த வாசனை போகாத விரலோடு மதியம் உட்கார்ந்து, 'ஈயத்தால் காற்று மாசுபடுவதை விளக்குக' என்ற கேள்விக்கு அவன் ஒன்றரைப் பக்கம் எழுதுவான்.

ரேடியோவில் பேசத் தனிப் பரீட்சை. கோபுரத்திலிருந்து வரும் உத்தரவைக் காதில் வாங்கினால் போதாது, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பயிற்சிக் களம் அம்ருத்துல்யா டீக்கடை. "தோன் கட்டிங், ஏக் க்ரீம் ரோல்" என்று கடைப்பையன் சொன்னதை இவன் ஒப்பித்து, கடைசியில் 'விக்டர் டேங்கோ' என்று தொடங்கும் தன் விமானப் பதிவெண்ணையும் சேர்ப்பான். பையன் பழகிவிட்டான். காகுவிடமும் இதே வழக்கம்தான். "அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை, பத்து மணிக்கு கேட் பூட்டிடுவேன்" என்றால் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வான். இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற பிள்ளையை இந்தக் காலத்தில் பார்த்ததில்லை என்று காகு நெகிழ்ந்துபோவார். வாடகை என்னவோ பன்னிரண்டாம் தேதிதான் வரும்.

இவனை இங்கே அனுப்பியது மாமா. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் என்று பேப்பரில் வந்தது. ஜூனில் இண்டிகோ 500. மாமா பேப்பர் ஓரத்திலேயே கூட்டினார். "தொள்ளாயிரத்து எழுபது பிளேன். ஓட்ட ஆள் வேணாமா மச்சான்?" அப்பா தோட்டத்துப் பத்திரத்தை பேங்க்கில் வைத்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் டி.ஜி.சி.ஏ. கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் 1,622. கூட்டல் தெரிந்த மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மதுரைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனால் "கேப்டன் வந்துட்டாரு" என்று குரல் கேட்கும். 1991இல் 'கேப்டன் பிரபாகரன்' வெளியானதிலிருந்து அந்தப் பட்டம் விஜயகாந்த் ஒருவருக்கே பட்டா. எனவே பறப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் உதைத்துக் காட்டச் சொல்கிறார்கள். அப்பத்தா மட்டும் விஷயத்துக்கு வருவார். "ஏய்யா, உள்ள புழுக்கமா இருந்தா ஜன்னலத் தெறந்துக்க." சித்தப்பா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நம்மாள் சிரிக்கமாட்டான். செஸ்னா 172இல் ஜன்னல் நிஜமாகவே திறக்கும். ஏப்ரல் வெயிலில் தரையில் உருட்டிக்கொண்டு போகையில் அதைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் விமானத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அப்பத்தா ஒருவரே.

மாணவிகளும் உண்டு. இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைப் போல மூன்று மடங்கு. அவர்களுக்குக் காத்திருப்போடு கூடுதலாக ஒரு கேள்வி: "ஏர் ஹோஸ்டஸ் கோர்ஸாம்மா?"

கடைசியில் பறக்கும் நாளும் வரத்தான் செய்கிறது. விடிகிற நேரத்தில் இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடி போன்ற ஒரு சின்னக் குவளையை வால்வில் அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பான். வெளுக்கும் வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பான். இளநீலமாகத் தெரிந்தால் சரி. அடியில் தண்ணீர் குமிழாக நின்றால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம் அவனிடம் ஜூலுவும் கிடையாது, ஜம்பமும் கிடையாது. பிறகு முழு வேகம் கொடுத்ததும் விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுக்கும். புரொப்பெல்லர் சுழலும் விதம் அப்படி. வலது காலால் மிதித்து நேராக்க வேண்டும். மிதிக்க மறப்பான். "ரைட் ரடர்!" என்று வாத்தியார் கத்துவார். தூக்கத்திலும் அவனுக்கு அந்தக் குரல் கேட்கும். கட்டிலில் வலது கால் உதைக்கும்.

ஒருநாள் வாத்தியார் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிடுவார். தனியாக ஒரே ஒரு சுற்று. ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழும்பும். பக்கத்து சீட் காலி, கத்த யாருமில்லை, "ரைட் ரடர்!" என்று தானே கத்திக்கொள்வான். இறங்கியதும் தோழர்கள் வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்ப்பது வழக்கம். சொட்டச் சொட்ட நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் போகும். பெரியம்மாவிடமிருந்து உடனே பதில்: "தலையத் தொவட்டுப்பா, சளி புடிச்சுக்கும்."

ஊருக்குப் போக ரயில்தான். புனேயிலிருந்து சென்னை வரைக்குமே ஏறத்தாழ இருபது மணி நேரம், போய்வர நாற்பது. பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு வேண்டிய பறத்தலும் நாற்பது மணி நேரம்தான். தீபாவளிக்கு அதை ஸ்லீப்பர் கோச் மேல் பெர்த்தில் படுத்தபடி முடித்துவிட்டு வருவான்.

எப்போதாவது அப்பா மனமிரங்கி விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். இவன் கைக்காசில் கூடுதலாகக் கட்டி இறக்கைக்குப் பின்னால் ஜன்னல் சீட்டாகப் பிடிப்பான். ஏர்பஸ் 320 புறப்படும் முன் காலடியிலிருந்து 'வவ், வவ்' என்று சத்தம் வரும். பக்கத்து சீட் அம்மாள் பதறிப்போவார்.

"ஐயோ, நாய் மாட்டிக்கிச்சு போலருக்கே!"

"நாய் இல்லம்மா. மூணு ஹைட்ராலிக் சிஸ்டம் இருக்கு, அதுல ரெண்டு ஜோடி. ஒண்ணுல பிரஷர் குறைஞ்சா இன்னொண்ணு தள்ளிவிடும், அந்தச் சத்தம்."

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே, நீங்க பைலட்டா தம்பி?"

நம்மாள் நிமிர்ந்து உட்காருவான். "அதுக்குத்தாம்மா படிக்கிறேன்."

"அப்ப தினமும் மேல இருந்து பாக்குறவருதானே. அந்த ஜன்னல் சீட்ட எனக்குக் குடுங்களேன்."

கடைசியாகப் பறந்து ஒன்றரை மாதம் ஆகிறது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எழுந்து இடம் மாறிக்கொள்வான்.