மொட்டைமாடி மேலடுக்குச் சுழற்சி

ஐப்பசி பிறந்தால் சென்னையில் அபார்ட்மென்டுக்கு ஒரு வானிலை நிபுணர் முளைத்துவிடுகிறார். வேளச்சேரிப் பக்கம் விளைச்சல் இன்னும் அதிகம். 2015 டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு மேகத்தைப் பற்றிப் பேசத் தனி பாத்தியதை உண்டு என்று மற்றவர்களும் விட்டுவிடுகிறோம்.

இப்படிப்பட்டவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ‘சார்’ என்றே வைத்துக்கொள்வோம். லிஃப்டில் சாரிடம் மாட்டினால் மூன்றாவது மாடி வருவதற்குள் வங்கக் கடலை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். கையில் விண்டி செயலி சதா சுழன்றுகொண்டிருக்கும். “யூரோப்பியன் மாடல் புதுச்சேரிங்குது. ஜிஎஃப்எஸ் நெல்லூர்ங்குது. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க.” வகுத்தால் புயல் கச்சிதமாக நம் தெருமுனையில் கரையைக் கடக்கும். “குடை எடுத்துட்டுப் போகணுமா சார்?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. “எம்ஜேஓ மூணாவது ஃபேஸ்ல இருக்கு” என்பார். குடையா ரெயின்கோட்டா என்பது உங்கள் சாமர்த்தியம்.

மொட்டைமாடியில் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட், பேத்தியின் ஸ்கேல். இதுதான் ஆய்வுக்கூடம். நுங்கம்பாக்கம் வானிலை மையத்து வழக்கப்படி காலை 8.30 மணிக்கு அளவெடுப்பார். ஒரு நிமிடம் பிசகாது. பக்கெட்டின் வாய் அகலம், அடி குறுகல், ஆகவே பெய்ததைவிட உயரமாகத்தான் தண்ணீர் நிற்கும் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? நுங்கம்பாக்கத்தில் 6 செ.மீ. என்று அறிவித்தால், “நம்ம பக்கெட்ல எட்டு. மறைக்கிறாங்க” என்று குரலைத் தாழ்த்துவார்.

நுங்கம்பாக்கம் என்றாலே அவருக்கு இளக்காரம். “பழைய இயக்குநர் ரமணன் காலத்துலேர்ந்து அதே பாட்டு. ஓரிரு இடங்களில் மழை! எந்த இடம்னு சொல்ல வேண்டியதுதானே?” அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள் பெய்தால் ‘ஓரிரு இடங்கள்’, பாதி வரை போனால் ‘சில இடங்கள்’. இதைச் சொன்னால் சார் காதில் வாங்கமாட்டார். பதிலுக்கு ஒரு ராடார் படத்தை நீட்டுவார். அதுவும் அதே வானிலைத் துறையின் (ஐஎம்டி) டாப்ளர் ராடார் எடுத்ததுதான். திட்டுவதற்கு வேண்டிய சான்றையும் பாவம் அவர்களே அனுப்பவேண்டியிருக்கிறது.

இணையத்து ஆர்வலர்கள் மீது மட்டும் அபார பக்தி. அந்தப் பக்தியில் நியாயமும் உண்டு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்கள் மழைப் பித்தால் இதற்கு வந்தவர்கள். பழைய மழைக் கணக்கையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, நமக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார்கள். ஆனால் அவர்களும் நகர்வு மாறினால் மழையும் மாறும் என்று ஒரு வால் சேர்த்துத்தான் எழுதுவார்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்போது சார் முதல் வேலையாக அந்த வாலை நறுக்கிவிடுவார். நிபுணர் தயங்கியதும் ஆர்வலர் தயங்கியதும் சாரிடம் வந்தவுடன் தயக்கம் தெளிந்து, “உறுதி” என்று எழுந்து நிற்கும். “நாளைக்கு லீவா அங்கிள்?” என்று பிள்ளைகள் கேட்டால், கலெக்டருக்கு முன்பே விட்டுவிடுவார்.

2024 அக்டோபர் 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டின. சாருடைய கார் இல்லாமலா? ரொட்டி, பால், மெழுகுவத்தி எல்லாம் அவர் ஆணைப்படி வாங்கிக் குவித்தாயிற்று. தாழ்வு மண்டலமோ வடக்கே ஒதுங்கிக்கொண்டது. அன்று சாயங்காலம் குழுவைத் திறந்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வரிசையாக ஏழெட்டு. அதற்குக் கீழே சுடச்சுட ஒன்று: “ஐஎம்டி மறுபடியும் கோட்டை விட்டது.”

தை பிறந்ததும் பக்கெட் கீழே இறங்கிவிடும். அப்போது பார்த்து ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் லிஃப்டில் கேட்டான்: “சார், நீங்க முப்பது வருஷம் பேங்க்ல லோன் செக்ஷன் பார்த்தவராச்சே, எனக்கு ஹோம் லோன் கிடைக்குமா?”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எடுத்த எடுப்புல அப்படிச் சொல்லிட முடியாதுப்பா. சிபில் ஸ்கோர் பார்க்கணும், வில்லங்கம் பார்க்கணும், மூலப்பத்திரம் பார்க்கணும். பிராஞ்சுக்கு பிராஞ்ச் வேற மாறும். கிடைக்க வாய்ப்பு இருக்கு.”