பெடல் பொதபொதக்குதா? வாகனக் கேள்வி-பதில்

கேள்வி: வாப்பாவின் பழைய ஆல்டோவை இப்போது நான்தான் ஓடுகிறேன். பிரேக்கை மிதித்தால் கால் பொதபொதவென்று உள்ளே போகிறது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால் பிடிக்கிறது. இப்படியே ஓடலாமா? (வாசகர், குறிஞ்சாக்கேணி)

பதில்: ஓட வேண்டாம் தம்பி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தாண்டிவிடும். சைக்கிளில் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால் இரண்டாம் மிதிக்கு எங்கே நேரம்?

காரை நிறுத்திவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, காலால் மூன்று விஷயம் பாருங்கள். பெடல் தாழப் போனாலும் அங்கே கல்லாக நின்று, அடுத்த மிதிக்கு மேலே வந்தால், பின் டிரம்மில் லைனர் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். மிதிக்க மிதிக்கத் துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் பம்ப்புக்குள் ரப்பர் போய்விட்டது. மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது மட்டும் நோய் இல்லை. அது பூஸ்டர் வேலை செய்யும் அடையாளம்.

கேள்வி: பிரேக் ஒயில் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பிவிட்டேன். இனிப் பயமில்லைதானே?

பதில்: இப்போதுதான் பயப்பட வேண்டும். பிரேக் ஒயில் எரிந்து தீரும் சாமான் இல்லை. பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்கும். பேட் புதிதாக இருந்தும் இறங்கினால் ஒழுக்குத்தான். சில்லுகளின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பின் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்குரூ டிரைவர் முனையால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் ஆள் அகப்பட்டான். குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கம் கடலும் களப்பும் சூழ்ந்த மண். உப்புக் காற்று இரும்புக் குழாயைச் சும்மா விடாது. குழாய் தெரியும் இடத்தில் பளபளவென்று இருக்கும். அதைக் கிளிப் கவ்வியிருக்கும் இடத்தில்தான் ஈரம் தங்கித் துரு அரிக்கும். ஒவ்வொரு கிளிப்பாக விலக்கிப் பார்க்காமல் “குழாய் நல்லம்” என்று சொல்லும் கராஜை நம்பாதீர்கள்.

கேள்வி: நான் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூட வேன் ஓடுபவன். மகனும் நானுமாக வீட்டிலேயே எயார் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், முதலில் ஒழுக்கை அடைத்திருந்தால். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் உங்களுடையது. பிள்ளைகளை ஏற்றும் வாகனம் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வேலையை மட்டும் சொல்கிறேன்.

மகன் பெடலில் இருக்கட்டும், நீங்கள் சில்லடியில். எயார் எடுக்கும் நிப்பிளில் உள்ளே தெரியும் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் புது ஒயில் கொஞ்சம் ஊற்றிய போத்தலில் அமிழ்த்துங்கள். மகன் மெதுவாக மிதித்து “பிடிச்சிட்டன்” என்றதும் நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள், குமிழி ஓடும். பெடல் இறங்கியதும் நிப்பிளைப் பூட்டுங்கள், அதன் பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் போன காற்றே திரும்பி வரும். நம் வலப்பக்க ஸ்டியரிங் வாகனங்களில் பம்ப்பிலிருந்து தூரமான பின் இடது சில்லில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவது வழக்கம். கம்பனிக் கைநூல் வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. டேங்கில் ஒயில் வற்ற விடாதீர்கள்; வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய வேன் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வையுங்கள். தினமும் மிதிக்கும்போது பம்ப்பின் ரப்பர் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் வருடக்கணக்கில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். அடிவரை மிதித்தால் ரப்பர் அதில் உரசிக் கிழியும். எயார் எடுக்கப் போய்ப் பம்ப்பைக் கெடுத்த கதைகள் பல இப்படித்தான்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நிமிடம் அழுத்தி மிதித்தபடி இருந்து, நான்கு நிப்பிளும் காய்ந்திருக்கிறதா பாருங்கள். முதல் ஓட்டம் வெறும் வேனில்.

கேள்வி: நுவரெலியா போய் றம்பொடை வழியாக இறங்கும்போது பிரேக் காலோடு போனது. ஊருக்கு வந்ததும் கல்லு மாதிரி இருக்கிறது. பேய் வேலையா?

பதில்: தண்ணீர் வேலை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 பாகை, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 போதும். டொட் 4-க்கு அது 230, 155. இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்தால் ஒயில் கொதித்து ஆவியாகும். ஒயில் நசுங்காது, ஆவி நசுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறியதும் ஆவி திரும்ப ஒயிலாகிவிடுவதால் ஊரில் எந்தக் குறையும் தெரியாது. ஒயிலை முழுக்க மாற்றுங்கள், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மலை இறங்குவது கியரில். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு எஞ்சின் ஒயில் ஊற்றலாமா?

பதில்: ஒரு சொட்டும் கூடாது. பிரேக் ரப்பரெல்லாம் அதில் ஊறி உப்பிவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: முன் கலிப்பர் இரண்டும் மாற்றினோம். எத்தனை தடவை எயார் எடுத்தும் பொதபொதப்புப் போகவில்லை.

பதில்: நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே என்றால் இடதை வலதில் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலேதான் தங்கும்.

கேள்வி: என்னுடையது டொயோட்டா அக்வா. அதற்கும் இதே வைத்தியமா?

பதில்: இல்லை தங்கச்சி. ஹைபிரிட்டில் காலுக்குத் தெரியும் அழுத்தம் வேறு, சில்லுக்குப் போகும் அழுத்தம் வேறு. நடுவில் கம்ப்யூட்டரும் மின்பம்ப்பும் இருக்கின்றன. ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜுக்கே போங்கள், காரை ஏற்றிக்கொண்டு.

கேள்வி: மாஸ்டர் பம்ப்புக்கு ரப்பர் கிட் போட்டால் போதுமா, புதிது வாங்கவா?

பதில்: 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய காரையே பார்த்துப் பார்த்து ஓட வேண்டிவந்த நாடு இது, கேள்வி நியாயமானது. பம்ப்பைப் பிரித்துத் துடைத்து, உட்சுவரில் விரலைவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கிட் போதும். நகம் எங்காவது தட்டினால் அந்தக் குழியில் புது ரப்பரும் சீக்கிரமே கிழியும். புதுப் பம்ப் வாங்குங்கள்.