இஞ்சின் வைத்தியர்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களில் வீட்டுக்கு வீடு லாரி நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகிவிடும். ஆனால் லாரியின் இஞ்சினைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லாத வீடு அங்கே இருக்கிறது என்று யாரேனும் சொன்னால் அது அதைவிடப் பெரிய பொய். அந்த அபிப்பிராயங்களெல்லாம் ஒன்று திரண்டு, மனித ரூபம் எடுத்து, கையில் ஒரு பதினாலு-பதினைந்து ஸ்பானரும் தோளில் கிழிந்த வேட்டித் துணியுமாக வேப்பமரத்தடியில் வந்து நிற்குமானால், அவரே நான் சொல்லவந்த வீட்டு மெக்கானிக். லாரிக்கு முதலாளியாகிய இவருக்கு அதை ஓட்டத் தெரியுமா என்பதில் ஊரில் கருத்து வேற்றுமை உண்டு. கழற்றத் தெரியும் என்பதில் இல்லை.

பவானிச் சாலையில் மேடேறும்போது வண்டி விக்கித் திணறி, உடம்பெல்லாம் குலுங்கி நின்றுவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னால், மற்ற முதலாளிகளுக்கு முகம் வாடும், இவருக்கோ மலரும். பட்டறை என்ற சொல்லை அவர் முன்னிலையில் உச்சரிப்பது, பரம்பரை வைத்தியர் வீட்டில் பிறந்த குழந்தையின் ஜுரத்துக்கு டவுன் டாக்டரை அழைக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். வண்டி வீட்டுக்கு இழுத்து வரப்படும். அடுத்த நாழிகையில் சமையலறையிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியும் இரண்டு சொம்புகளும் மறைந்துபோகும். அவற்றைத் தேடி வாசலுக்கு வரும் வீட்டு அம்மாள், அவற்றில் டீசல் நிரம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு, பல ஆண்டுப் பயிற்சியின் காரணமாக ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார்.

அவருடைய சாஸ்திரத்தில் புகைக்குத் தனி அத்தியாயம் உண்டு. கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை வந்தால் எரியாத டீசல், அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. இவையெல்லாம் உண்மையே. ஆனால் எந்தப் புகையும் இல்லாமல் வண்டி நின்றுபோனால் அதைத் தமக்கு நேர்ந்த அவமரியாதையாகவே அவர் கருதுகிறார். பெட்ரோல் கார்க்காரர்கள் பொறி, பிளக் என்று பேசத் தொடங்கினால் கருணையோடு சிரித்து, டீசல் இஞ்சினில் பொறியே கிடையாது, காற்றை நெருக்கி ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிய இடத்தில் நாசில் வழியாக எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானே எரியும் என்று விளக்குவார். ருடால்ஃப் டீசல் 1893-ல் காப்புரிமை வாங்கியபோது இவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது பற்றிய மெல்லிய வருத்தம் அந்த விளக்கத்தில் தொனிக்கும்.

இப்படி ஒரு முறை வண்டி நின்றபோது அவர் முதலில் கண்டுபிடித்த வியாதி, "லைனில் ஏர் பிடித்திருக்கிறது" என்பது. ஃபில்டரின் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை ஏர் எடுத்தார். பிறகு, டிரைவர் டீசலை விற்றுவிடுகிறான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கையாதலால், வழக்கம்போல டேங்கின் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து, மூடினார். வண்டி சிங்கமாகக் கர்ஜித்துக்கொண்டு புறப்பட்டது. ஐந்தாறு மைல் போய் நின்றது. மறுநாள் ஃபில்டரை மாற்றினார், குச்சி விட்டு அளந்தார், புறப்பட்டது, நின்றது. அதற்கடுத்த நாள், இஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் மாறவில்லையோ அதுவே குற்றவாளி என்னும் விசாரணையை 1-5-3-6-2-4 என்ற வரிசை தவறாமல் நடத்தினார். ஆறும் குற்றமற்றவை என்று தெரிந்ததும், ஆறும் கூட்டுச் சதி செய்கின்றன என்று தீர்ப்பளித்து, நாசில்களைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். (நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆகையால் அவற்றைச் சோதிப்பதை அதற்கென்று பம்பும் மீட்டரும் வைத்திருப்பவர்களுக்கே விட்டுவிடுவது உத்தமம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதால் ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை.)

இத்தனைக்கும் நடுவே, ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிளீனர் பையன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு, "மொதலாளி, டேங்கு மூடியத் தொறக்கறப்பெல்லாம் உஸ்ஸுன்னு காத்து உள்ள போவுதுங்க" என்றான்.

"ஏண்டா, இஞ்சின் எங்க இருக்குது, டேங்கு எங்க இருக்குது! போயி டீ வாங்கிட்டு வா."

பையன் டீ வாங்கி வந்தான். ஆனால் அடுத்த முறை வண்டி சாலையோரத்தில் நின்றபோது, டிரைவர் பீடி பற்றவைத்த அவகாசத்தில், அவன் டேங்கின் மூடியைக் கழற்றி, துடைப்பக் குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, மூடியின் நடுவிலிருந்த மிகச் சிறிய துவாரத்தைக் குத்தித் திறந்தான். வண்டி அன்று பெருந்துறைவரை நிற்கவேயில்லை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக வண்டிக்குப் பெயிண்டு அடித்தபோது, கூலிக்கு வஞ்சகம் செய்யாத அந்தப் பெயிண்டர் டேங்கின் மூடிக்கும் இரண்டு கோட்டுக் கொடுத்து, துவாரத்தை அடைத்திருக்கிறார். டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே புகாவிட்டால், டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்பினால் டீசலை இழுக்க முடியாமல் போகும். இஞ்சின் பட்டினியால் விக்கும். டிரைவர்மேல் கொண்ட சந்தேகத்தினால் இவர் மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் நோய் குணமாயிற்று; கீர்த்தியோ ஃபில்டருக்கும் நாசிலுக்கும் போயிற்று.

செய்தி கேட்டதும் அவர் சிறிதும் கலங்கவில்லை. "நான் மொதல் நாளே சொன்னேனே, காத்துக் கோளாறுன்னு!" என்றார். லைனில் காற்று இருக்கிறது என்று அவர் சொன்னதற்கும், டேங்கில் காற்று இல்லை என்று பையன் கண்டதற்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக்காட்டும் துணிவு திண்ணையில் இருந்த எவருக்கும் இல்லை. எனக்கும்தான், அவர் வீட்டுக் காப்பி நன்றாக இருக்கும்.

அன்று முதல் அவருடைய கியாதி மூன்று தெருக்களைக் கடந்து பரவியிருக்கிறது. சென்ற வாரம் எதிர்வீட்டு லாரியில் ஹாரன் அடிக்கவில்லை என்று ஆளனுப்பினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு துடைப்பக் குச்சியைச் செருகிக்கொண்டு போனவர், போனதும் கேட்ட முதற் கேள்வி, "டேங்கு எந்தப் பக்கமுங்க?" என்பதுதான்.